பிழையில் பிறந்த 'சரி'



தில்லியின் கரோல்பாக்கிலும், மும்பையின் மாதுங்காவிலும், கொல்கத்தாவின் லேக் மார்க்கெட் வட்டாரத்திலும் வாழும் நம்மவர், ஒரு நாளில் எத்தனை மொழிகளில் 'சரி' என்று சொல்லுகிறோம் என்பதை எண்ணிப் பார்த்ததுண்டா? காலையில் வாயிலுக்கு வரும் பால்காரரிடம் 'டீக் ஹை' என்கிறோம். வங்காளத்தில் இருப்பவர் 'டீக் ஆச்சே' என்கிறார். மராட்டியக் கடைக்காரர் கணக்குக் கூட்டி முடித்ததும் 'பரோபர்' என்று தலையசைக்கிறோம். வீட்டினுள் நுழைந்து கதவைச் சாத்திய பிறகே 'சரி' என்னும் நம் சொந்தச் சொல்லுக்கு வேலை வருகிறது. இடையில், எந்த மொழி பேசுவது என்று திகைத்து நிற்கும் போதெல்லாம் நம் வாயில் தானாக வந்து நிற்பது ஒரு சொல், 'ஓ.கே.' என்பதே அது. புதிதாக ஊருக்கு வந்தவருக்கு உள்ளூர் மொழியில் பத்துச் சொல் தெரிவதற்கு முன்னரே இச்சொல் கைகொடுத்துவிடுகிறது.

உலகத்தில் இச்சொல் செல்லாத நாடு அரிது. எனினும், இது எங்கே பிறந்தது, யாருடைய சொத்து என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். அந்தக் கதைகளில் எது உண்மை, அதை உண்மை என்று நாம் எவ்வாறு அறிந்தோம் என்பதை இன்று ஆராய்வோம்.

முதலில் சொல்லின் பொருளைச் சற்றுப் பார்த்துவிடுவது நலம். ஓ.கே. என்பதை நாம் பாராட்டுச் சொல்லாகக் கருதுவதுண்டு. அது பாராட்டன்று. 'மாப்பிள்ளை எப்படி?' என்று பெண்ணின் அத்தை கேட்கிறார். பார்த்து வந்தவர் 'ஓ.கே.' என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டால், அத்தையின் முகம் மலருமா? 'பேஷ்!' என்றிருந்தால் மலர்ந்திருக்கும். ஓ.கே. என்பது தடையில்லை, குறையில்லை, மேலே செல்லலாம் என்னும் அளவில் நின்றுவிடும். அலுவலகத்தில் கோப்பின் ஓரத்தில் மேலதிகாரி இவ்விரண்டு எழுத்தை இட்டுக் கையொப்பம் வைத்தால், அவர் நம் எழுத்து நயத்தை மெச்சினார் என்பது பொருளன்று. காகிதம் அடுத்த மேசைக்குப் போகலாம் என்பதே பொருள். இவ்வாறு நடுநிலையாக நிற்பதனால்தான் இச்சொல் எங்கும் நுழைய முடிந்தது என்று நாம் கருதுகிறோம். புகழவும் வேண்டாம், இகழவும் வேண்டாம், ஒப்புக்கொண்டால் போதும் என்னும் தருணங்களே மனித வாழ்வில் மிகுதி.

இனி, பிறப்புக் கதைகளுக்கு வருவோம். சில கதைகளைக் கேட்ட மாத்திரத்தில் ஒதுக்கிவிடலாம். அமெரிக்க உள்நாட்டுப் போரில் படைவீரர்களுக்கு வந்த பிஸ்கோத்துகளின் மேல் செய்தவரின் பெயரெழுத்தாக இது பொறிக்கப்பட்டிருந்தது என்பது ஒன்று. அந்தப் போர் தொடங்கியது 1861ஆம் ஆண்டில். சொல்லோ அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே அச்சில் உள்ளது. ஒரு ரயில்வே எழுத்தர் தம் பெயரின் முதலெழுத்துகளைச் சீட்டுகளில் இட்டு வந்தார் என்பது இன்னொன்று. ஹெய்ட்டித் தீவில் நல்ல ரம் மதுவுக்குப் பெயர் பெற்ற துறைமுகத்தின் பிரெஞ்சுப் பெயரே திரிந்தது என்பாரும் உண்டு. கிரேக்கர் தம் மொழியில் 'எல்லாம் நன்று' என்பதற்கு 'ஓலா கலா' என்பார்கள். அதன் சுருக்கமே இது என்று அவர்கள் பெருமையுடன் கூறுவர். ஒலி ஒத்திருக்கிறது, அவ்வளவே.

ஆனால் இரண்டு கதைகளை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது. அவ்விரண்டும் ஒன்றோடொன்று விசித்திரமாகப் பின்னிக்கிடக்கின்றன.

1829 முதல் 1837 வரை அமெரிக்க ஜனாதிபதியாக இருந்தவர் ஆண்ட்ரூ ஜாக்சன். போர்க்களத்தில் பெயர் பெற்றவர். ஏட்டுக் கல்வியில் அவ்வாறு பெயர் பெற்றவர் அல்லர். 'எல்லாம் சரி' என்னும் பொருளுடைய 'ஆல் கரெக்ட்' என்னும் தொடரைப் பிழையாக எழுதி, அப்பிழையின் முதலெழுத்துகளையே அரசாங்கக் காகிதங்களில் இட்டு வந்தார் என்று அவருடைய எதிரிகள் எழுதினார்கள். பின்னர் 1859ஆம் ஆண்டில் வரலாற்றாசிரியர் ஒருவர், ஜாக்சனின் மாநிலமாகிய டென்னஸியில் 1790ஆம் ஆண்டின் நீதிமன்றப் பதிவேடு ஒன்றில் ஜாக்சனின் பெயர் வரும் இடத்தில் இவ்விரண்டு எழுத்தும் இருப்பதாக அச்சிட்டார். பலரும் நம்பினார்கள். பிற்காலத்தில் அந்த ஏட்டை மீண்டும் கூர்ந்து பார்த்தபோது, அங்கே இருந்தது 'ஓ.ஆர்.' என்று தெரிந்தது. 'பதிவு செய்யுமாறு ஆணையிடப்பட்டது' என்பதற்கு அக்காலத்து எழுத்தர்கள் இட்ட வழக்கமான சுருக்கம் அது. ஓர் எழுத்தின் கால் நீண்டதால் ஒரு வரலாறு உருவாகிவிட்டது. நம் ஓலைச்சுவடிகளைப் படித்தவர்களுக்கு இந்த இடர்ப்பாடு நன்கு தெரியும். புள்ளியும் இல்லாமல், கொம்பும் காலும் மயங்கிக் கிடக்கும் ஏட்டில், ஓர் எழுத்தை மாற்றிப் படித்துவிட்டால் பாட்டின் பொருளே வேறாகிவிடும்.

மற்றொரு கதை சாக்டா என்னும் செவ்விந்திய மக்களுடையது. அவர்கள் மொழியில் வாக்கியத்தின் இறுதியில் 'ஆம், அவ்வாறே உள்ளது' என்று உறுதி கூறுவதற்கு ஏறக்குறைய 'ஓகே' என்றே ஒலிக்கும் ஓர் இடைச்சொல் உண்டு. இது கற்பனையன்று; அவர்களிடையே நெடுங்காலம் வாழ்ந்து அம்மொழிக்கு இலக்கணம் எழுதிய சைரஸ் பையிங்டன் என்னும் பாதிரியார் அதைக் குறித்திருக்கிறார். 1913 முதல் 1921 வரை ஜனாதிபதியாக இருந்த உட்ரோ வில்சன், பேராசிரியராக வாழ்ந்தவர், இந்தக் கதையை உண்மை என்றே கொண்டார். ஆகையால் தாம் ஒப்புதல் அளித்த காகிதங்களில் சாக்டா முறைப்படி நீட்டி எழுதினார். 1918ஆம் ஆண்டில் ஆட்டோ ஹைனமான் என்பவர் தொடங்கிய இசைத்தட்டு நிறுவனத்துக்கும் அதே எழுத்துக்கூட்டில் 'ஓகே' என்று பெயர் அமைந்தது. அவருடைய பெயரின் எழுத்துகளும் அதற்கு இசைந்து வந்தன.

இங்கே வரலாற்றின் கொடிய முரண்பாடு ஒன்றைக் கவனியுங்கள். சாக்டா மக்களை மிசிசிப்பிப் பகுதியில் இருந்த அவர்களுடைய நிலத்திலிருந்து மேற்கே துரத்துவதற்கு வழிசெய்த சட்டம் 1830ஆம் ஆண்டில் நிறைவேறியது. அச்சட்டத்தில் கையொப்பமிட்டவர் அதே ஆண்ட்ரூ ஜாக்சன். அடுத்த மூன்று ஆண்டுகளில் அம்மக்கள் குளிரிலும் பசியிலும் நோயிலும் ஆயிரக்கணக்கில் மாண்டு, எஞ்சியவர்கள் அயல்மண்ணில் குடியேறினார்கள். ஒரே சொல்லுக்கு ஒரு கதை துரத்தியவரைத் தந்தையாக்குகிறது. மற்றொரு கதை துரத்தப்பட்டவர்களைத் தாயாக்குகிறது. இரண்டாவது கதையை நம்ப வேண்டும் என்று நம் நெஞ்சு விரும்புகிறது. மண்ணை இழந்தவர்கள் உலகுக்குச் சொல்லொன்றையாவது விட்டுச் சென்றார்கள் என்று எண்ணுவதில் ஓர் ஆறுதல் உண்டு. சொந்த மண்ணை விட்டுத் தொலைவில் வாழும் நமக்கு அவ்விருப்பம் இன்னும் சற்று மிகுதியாகவே இருக்கும்.

ஆயினும், விருப்பம் சான்றாகாது.

இச்சொல்லின் உண்மை வரலாற்றைக் கண்டவர் ஆலன் வாக்கர் ரீட் என்னும் அறிஞர். 1906ஆம் ஆண்டில் மின்னசோட்டா மாநிலத்தில் பிறந்தவர். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியராக விளங்கியவர். 1941ஆம் ஆண்டிலேயே இச்சொல்லைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி, 1840ஆம் ஆண்டின் தேர்தல் வரை அதன் அடிச்சுவட்டைக் கொண்டு சென்றார். அதோடு அவர் நிறைவடையவில்லை. மேலும் இருபது ஆண்டுக்கு மேல் கழித்து, 1963, 1964 ஆகிய ஆண்டுகளில், அமெரிக்க வழக்குச் சொற்களை ஆராயும் ஓர் ஏட்டில் தொடர் கட்டுரைகளாக முழு வரலாற்றையும் வெளியிட்டார். அவர் கையாண்ட முறை மிக எளியது. எளியதாயினும் செய்வதற்குக் கடினமானது. ஊகங்களை ஒருபுறம் ஒதுக்கிவிட்டு, பழைய செய்தித்தாள்களை ஒன்றன்பின் ஒன்றாகப் படிப்பது. இக்காலத்தில் விசையைத் தட்டினால் இயந்திரம் தேடிக் கொடுத்துவிடும். அன்று அவ்வசதி இல்லை. மங்கிய தாள்கள், நுண்ணிய அச்சு, கப்பல் வரவுகளுக்கும் மருந்து விளம்பரங்களுக்கும் இடையே ஒளிந்து கிடக்கும் இரண்டெழுத்து: இவற்றைக் கண்ணால் துழாவியே காண வேண்டியிருந்தது.

அவர் கண்டது இது. 1830களின் இறுதியில் பாஸ்டன் நகரத்துப் பத்திரிகையாளரிடையே ஒரு விளையாட்டு பரவியிருந்தது. தொடர்களை முதலெழுத்துகளாகச் சுருக்கி எழுதுவது. படிப்பவர் திகைத்தால் பக்கத்திலேயே விரித்தும் காட்டுவது. முதலெழுத்துச் சுருக்கம் நமக்கும் புதிதன்று. உ.வே.சா. என்றால் தமிழறிந்தவர் யாரும் விழிப்பதில்லை. பாஸ்டன்காரர் இதில் இன்னொரு குறும்பையும் சேர்த்தனர். தொடரை முதலில் வேண்டுமென்றே பிழையாக எழுதுவது, பிறகு அந்தப் பிழையைச் சுருக்குவது. நம் மொழியில் சொன்னால், 'எல்லாம் சரி' என்பதைக் கல்லாதவர் எழுதுவது போல 'யெல்லாம் ஷரி' என்று எழுதி, அதை 'யெ.ஷ.' என்று குறுக்கிவிட்டு, விடை தெரியுமா என்று சிரிப்பதைப் போன்றது. ஆங்கிலத்தில் 'ஆல் கரெக்ட்' என்பதை நேராகச் சுருக்கினால் ஏ, சி என்னும் எழுத்துகள் வரவேண்டும். பிழைபட எழுதியதனால் ஓ, கே என்று வந்தன. 'யாவும் பிழையற்றவை' என்று அறிவிக்கும் சொல்லில் இரண்டு எழுத்தும் பிழை. வேடிக்கை முழுவதும் அதில்தான் இருக்கிறது.

இவ்வெழுத்துகள் அச்சில் முதன்முதலாகக் காணப்படுவது பாஸ்டன் மார்னிங் போஸ்ட் என்னும் நாளிதழில்; நாள் 1839ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 23. பத்திராதிபர் சார்ல்ஸ் கார்டன் கிரீன். அவர் எழுதிய பொருள் உலகத்தை அசைக்கும் பொருளன்று. பாஸ்டனில் மணியடிப்பு எதிர்ப்புச் சங்கம் என்று ஒரு வேடிக்கைச் சங்கம் இருந்தது. உணவுக்கு அழைக்கும் மணியை அடிப்பது குறித்து நகரசபை இட்ட விதியை ஒட்டி எழுந்தது அது. அச்சங்கத்தார் நியூயார்க்குக்குப் பயணம் செய்தனர். அவர்கள் திரும்புகையில் தம் ஊர் வழியே வருவார்கள் என்று பிராவிடன்ஸ் நகரத்துப் பத்திரிகை எழுதிவிட, கிரீன் அதை மறுத்துக் கேலி பேசினார். அப்படி வந்திருந்தால் அந்தப் பத்திரிகைக்காரர் விருந்துச் செலவை எல்லாம் ஓ.கே. என்னும்படி ஏற்றிருப்பார் என்னும் தோரணையில் ஒரு வாக்கியம். அதன் நடுவே இவ்விரண்டு எழுத்துகள். அவற்றின் பக்கத்திலேயே, சிறு கோட்டுக்கு அப்பால், 'எல்லாம் சரி' என்னும் விளக்கம்.

அந்த விளக்கமே ரீடுக்குக் கிடைத்த பெருஞ்செல்வம். சாக்டா மொழியிலோ கிரேக்கத்திலோ ஒலி ஒத்திருந்தது. இங்கே சொல் தன் பொருளையும் பிறப்பையும் தானே சொல்லிக்கொண்டு வருகிறது. மேலும் அது தனித்து வரவில்லை. 'ஆல் ரைட்' என்பதையும் இதேபோலப் பிழையாக்கி 'ஓ.டபிள்யூ.' என்று எழுதினார்கள். 'நடக்காது' என்பதற்கு ஒரு சுருக்கம், 'டெக்ஸாசுக்கு ஓடிவிட்டான்' என்பதற்கு ஒரு சுருக்கம், 'பொறுத்திருந்து பார்க்க வேண்டும்' என்பதற்கு நான்கெழுத்து. இவ்வாறு ஒரு கூட்டமே இருந்தது. சொல்லின் உடன்பிறந்தாரையும் ரீட் கூட்டிவந்து நிறுத்தியபோது, அதன் குலம் எது என்பதில் ஐயம் அருகிவிட்டது.

ஆனால் இங்கே ஒரு கேள்வி எழுகிறது. உடன்பிறந்தவை எல்லாம் ஓரிரு ஆண்டுகளில் மறைந்துபோயின. இது மட்டும் எவ்வாறு பிழைத்தது?

பிழைக்க வைத்தது ஒரு தேர்தல். 1840ஆம் ஆண்டில் மார்ட்டின் வான் பியூரன் இரண்டாம் முறையாக ஜனாதிபதித் தேர்தலில் நின்றார். ஜாக்சனுக்கு அடுத்து அப்பதவிக்கு வந்தவர்; அவருடைய கட்சிக்காரர். நியூயார்க் மாநிலத்தில் கிண்டர்ஹுக் என்னும் சிற்றூரில் 1782ஆம் ஆண்டில் பிறந்தவர். டச்சு மொழியில் அவ்வூரின் பெயருக்குக் 'குழந்தைகள் மூலை' என்று பொருள். அங்கே குடியேறியிருந்த டச்சுக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகத் தம் மொழியை வீட்டில் பேணி வந்தன. வான் பியூரனுக்கும் தாய்மொழி டச்சே. ஆங்கிலம் பிறகு கற்றது. அமெரிக்க ஜனாதிபதிகளுள் ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்றவர் அவர் ஒருவரே. ஊருக்கு ஒரு மொழி, வீட்டுக்கு ஒரு மொழி என்று வாழும் நம் குடும்பத்துக் குழந்தைகளை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

அவருடைய ஆதரவாளர்கள் அவரைக் 'கிழவர் கிண்டர்ஹுக்' என்று செல்லமாக அழைத்தனர். ஆங்கிலத்தில் 'ஓல்ட் கிண்டர்ஹுக்'. அதன் முதலெழுத்துகள் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. பாஸ்டன் வேடிக்கை அப்போது மக்கள் நாவில் இருந்தது. அதனோடு தலைவரின் பெயரும் பொருந்திவிட்டது. நியூயார்க்கில் 1840ஆம் ஆண்டின் வசந்த காலத்தில் 'ஓ.கே. சங்கம்' தோன்றியது. தலைவரும் அவரே, எல்லாம் சரி என்பதும் அவரே என்று இரட்டுற மொழிந்தனர். சங்கத்தார் எதிர்க்கட்சிக் கூட்டங்களுக்குள் இதையே போர்க்குரலாக முழங்கிக்கொண்டு நுழைந்து கலகம் செய்ததும் உண்டு.

எதிர்க்கட்சியாகிய விக் கட்சியார் சும்மா இருப்பார்களா? 1837ஆம் ஆண்டில் தொடங்கிய பெரும் பணமுடை நாட்டை வாட்டிக்கொண்டிருந்தது, வங்கிகள் கதவடைத்திருந்தன. ஆகவே அவர்கள் அதே எழுத்துகளுக்கு வேறு விரிவு கண்டனர். கையில் காசில்லை, கடனுக்கு நாணயமில்லை என்று பொருள்படும் தொடர்களை அதே பிழை எழுத்தில் அடுக்கி, ஓ.கே. என்றால் இதுதான் என்றார்கள். ஜாக்சன் எழுத்துப் பிழை செய்தார் என்னும் கதையும் இந்தக் கூச்சலில் எதிரிகள் கட்டிவிட்டதே. அந்தப் பழி, கட்டியவர்களின் நோக்கம் மறந்துபோன பின்பும், நூறாண்டுக்கு மேல் வரலாறாக உலவியது.

தேர்தலில் வான் பியூரன் தோற்றார். தேர்வாளர் வாக்குகளில் அவருக்கு 60; எதிர்த்து நின்ற வில்லியம் ஹென்றி ஹாரிசனுக்கு 234. வென்ற ஹாரிசன் 1841ஆம் ஆண்டு மார்ச்சு 4ஆம் நாள் பதவி ஏற்று, சரியாக ஒரு மாதத்தில் இறந்தார். தோற்றவர் தம் ஊருக்குத் திரும்பி 1862 வரை வாழ்ந்தார். இருவரையும் இன்று நினைப்பார் சிலரே. சுவரொட்டியிலும் கூச்சலிலும் அடிபட்ட இரண்டு எழுத்து மட்டும் நிலைத்துவிட்டது. சண்டைக்கு உதவியதனால் நாடெங்கும் தெரிந்த சொல்லாயிற்று. சண்டை ஓய்ந்ததும் அதற்கு வேறு வேலை கிடைத்தது.

அந்த வேலை தந்தியில். 1844ஆம் ஆண்டு மே 24ஆம் நாள் வாஷிங்டனுக்கும் பால்டிமோருக்கும் இடையே மோர்ஸின் தந்தி ஓடியது. கம்பியின் மறுமுனையில் இருப்பவர் செய்தியைச் சரியாகப் பெற்றாரா என்பதை எவ்வாறு அறிவது? தலையசைப்பைக் காண முடியாது. முகத்தைப் பார்க்க முடியாது. குறுகிய, ஐயத்துக்கு இடமற்ற ஒரு விடை வேண்டியிருந்தது. 1860களுக்குள் தந்தி எழுத்தர்கள் இவ்விரண்டு எழுத்தை அதற்கென்றே வழங்கத் தொடங்கிவிட்டனர். இரயில் போக்குவரத்தும் தந்தியை நம்பியே நடந்தது. ஒற்றைத் தடத்தில் எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகளின் உயிர்கள் ஆணையைப் பெற்றேன் என்று வரும் ஒரு விடையைச் சார்ந்திருந்தன. விளையாட்டுக்குப் பிறந்த சொல் அவ்வாறு பொறுப்புள்ள உத்தியோகத்தில் அமர்ந்தது.

தந்தி என்றதும் நம்மில் முதியவர்களுக்கு வயிற்றைக் கலக்கும். ஊரில் யாருக்கேனும் உடல்நலம் குன்றினாலன்றித் தந்தி வராத காலம் அது. நம் நாட்டில் அச்சேவை 2013ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் முடிவுற்றது. கடைசி நாளில் நினைவுக்காகவே தந்தி அனுப்பினோர் பலர்.

இனி, ரீட் எழுதிய பிறகும் ஓயாத ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும். 1970ஆம் ஆண்டை ஒட்டி டேவிட் டால்பி என்னும் ஆப்பிரிக்க மொழி அறிஞர் வேறொரு கருத்தை முன்வைத்தார். மேற்கு ஆப்பிரிக்காவில் உவோலோவ் மொழியில் 'வாவ்' என்றால் 'ஆம்'. 'கே' என்பது அதை வலியுறுத்தும் சொல். இரண்டும் சேர்ந்தால் 'ஆம், உறுதியாக'. அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டு அமெரிக்கா வந்த மக்கள் கொண்டுவந்த சொல் இது என்பது அவர் கருத்து. இதை ஏளனம் செய்வது தகாது. அடிமைப்பட்டோரிடம் அச்சகம் இல்லை. தென்மாநிலங்கள் பலவற்றில் அவர்களுக்கு எழுத்தறிவிப்பதே சட்டத்தால் தடுக்கப்பட்டிருந்தது. அவர்கள் பேசியது பாஸ்டன் நாளிதழில் வராது என்பதில் வியப்பென்ன? ஏட்டில் இல்லாதது நாவிலும் இல்லை என்று எவரும் சாதிக்க முடியாது.

எனினும், உவோலோவ் சொல்லுக்கும் 1839ஆம் ஆண்டின் அச்செழுத்துக்கும் இடையே பாலம் ஒன்று வேண்டும். பாஸ்டனில் அது பிறந்த விதம் கண்ணெதிரே தெரிகிறது. விளக்கமும் உடன் இருக்கிறது. உறவுச் சொற்களும் சுற்றி நிற்கின்றன. சொல்லின் வரலாற்றைப் பொறுத்தவரை ரீடின் பக்கமே சான்று கனக்கிறது என்பது நம் தீர்ப்பு. ஆப்பிரிக்க மக்களுக்கும் சாக்டா மக்களுக்கும் இழைக்கப்பட்ட அநீதிக்கு இந்தச் சொல் ஈடாகப் போவதில்லை. அந்த அநீதியை நிறுவ இந்தச் சொல்லின் துணையும் தேவையில்லை.

இதை நமக்கும் சேர்த்தே சொல்லிக்கொள்கிறோம். வெளிமாநிலத்தில் தமிழர் நால்வர் கூடினால், எந்த மொழியின் எந்தச் சொல்லும் தமிழிலிருந்து போனதே என்று நிறுவும் நண்பர் ஒருவர் அங்கே இருப்பார். பேச்சு சுவையாகவே இருக்கும். சிற்றுண்டியும் விரைவில் தீரும். ஆனால் ஆங்கிலத்துக்கு உண்மையாகவே நாம் கொடுத்த சொற்கள் இருக்கின்றன. கட்டுமரம் 'கட்டமரான்' ஆயிற்று. சுருட்டு 'செரூட்' ஆயிற்று. மிளகுத்தண்ணீர் 'முல்லிகட்டானி' என்னும் பெயரில் சீமையில் சூப்பாயிற்று. இவற்றை நாம் பெருமைக்காகச் சொல்ல வேண்டியதில்லை. ஆண்டு குறித்த மேற்கோள்களோடு அச்சில் இருக்கின்றன. ஹென்றி யூல், ஏ. சி. பர்னெல் என்னும் இருவர் தொகுத்து 1886ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஹாப்சன் ஜாப்சன்' என்னும் அகராதியில் அவற்றைக் காணலாம். இவர்களுள் பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். அவ்வூர் அரண்மனைச் சுவடிகளுக்கு அட்டவணை செய்தவர். அகராதி அச்சேறுவதற்கு நான்கு ஆண்டு முன்னரே மறைந்துவிட்டார்.

அந்த அகராதியில் ஒப்புதலைக் குறிக்கும் மற்றொரு சொல்லும் உண்டு: 'பக்கா'. இந்தியில் அதற்குச் சமைத்தது, பழுத்தது, உறுதியானது என்று பொருள். வடமொழியின் 'பக்வ' என்பதன் வழிவந்தது. நாம் சமையலுக்கும் மனிதருக்கும் சொல்லும் 'பக்குவம்' அதே வேரிலிருந்து வந்ததுதான். அதற்கு எதிர்ச்சொல் 'கச்சா'. கச்சா எண்ணெய் என்று நாள்தோறும் செய்தியில் கேட்கிறோமே, அந்தக் கச்சா. ஆங்கிலேயர் 'பக்கா'வைத் தம் ஊருக்குக் கொண்டுபோய் மெச்சுதற் சொல்லாக வழங்கினர். நம் இளைஞரும் அதே சொல்லை அதே பொருளில் தமிழில் வழங்குகின்றனர், 'எப்படி இருக்கிறது?' என்றால் 'பக்கா!' என்கின்றனர். முன்னே சொன்ன அத்தையின் முகம் இதற்கும் மலரக்கூடும்.

நம் 'சரி'யோ தெலுங்கில் 'சரே' என்றும், கன்னடத்தில் 'சரி' என்றும், மலையாளத்தில் 'சரி' என்றும் நிற்கிறது. சென்னையிலிருந்து ஐதராபாத்துக்கோ பெங்களூருக்கோ போனவர் அச்சொல்லை மாற்றிக்கொள்ளும் தேவையே இல்லை. தில்லிக்குப் போனவருக்குத்தான் அத்தொல்லை. இதை முதலில் சொன்னவர் யார், எந்த நாளில் சொன்னார் என்று எவரும் குறித்து வைக்கவில்லை. ஓ.கே.வுக்கு மட்டும் நாள் உண்டு, கிழமையும் உண்டு. 1839ஆம் ஆண்டு மார்ச்சு 23, சனிக்கிழமை.